களத்தில் பெண், மண்டியில் ஆண்: முண்டு வத்தல் சிட்டை யார் பெயரில்?

சாயல்குடி மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். விலை, மருந்து, மழை பற்றி இங்கே நிறைய இழைகள் ஓடுகின்றன. நான் கேட்க வந்தது வேறு. மிளகாய்க் காசு யார் கைக்குப் போகிறது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசல். முண்டு என்கிற குண்டு மிளகாய் ரகம், ஊடுபயிராகக் கொத்தமல்லி, ஓரமாகக் கொஞ்சம் சின்ன வெங்காயம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். பட்டா மாமனார் பெயரில். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் காட்டுப் பக்கம் வருவதில்லை. புரட்டாசியில் டிராக்டர் பேசி உழுது விதைக்கிறதும் நான், கார்த்திகையில் களைக்கு ஆள் தேடுகிறதும் நான். தை கடைசியில் பழம் பறிப்பு தொடங்கினால் பங்குனி தாண்டும். பறித்ததைக் குவித்து மூடிப் போட்டு, நிறம் ஒன்றானதும் களத்தில் பரப்பி, ராத்திரி பனி படாமல் தார்ப்பாய் இழுத்து, சோடை பொறுக்கி, தரம் பிரித்து, சாக்கில் அமுக்கிக் கட்டுகிறது வரைக்கும் என் பொறுப்புதான். சாக்கு வாயைத் தைத்ததும் கொழுந்தனார் வண்டியோடு வந்துவிடுவார்.

வத்தலை விற்றுத்தரும் தரகு மண்டியில் சிட்டை (விற்ற கணக்குச் சீட்டு) மாமனார் பெயரில் போடுகிறார்கள். முன்பணம், தரகு, சாக்கு எடை எல்லாம் கழித்தது போக மீதி கொழுந்தனார் கையில். எனக்கு வந்து சேர்வது "இந்தத் தடவை விலை இல்ல மதினி" என்கிற பேச்சு மட்டும். குவிண்டால் என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் "ஏன், சந்தேகமா?" என்கிறார்கள். சந்தேகம் எல்லாம் இல்லை. அடுத்த வருஷம் நாலு ஏக்கரும் மிளகாய் போடலாமா, ரெண்டு ஏக்கரைப் பருத்திக்கு விடலாமா என்று கணக்குப் பார்க்க அந்த விலை எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விதைப்புச் செலவுக்கு மகளிர் குழுவில் கடன் எடுத்தவளும் நான்தான். தவணை தவறினால் என் பெயரைத்தான் கூட்டத்தில் வாசிப்பார்கள். கடன் என் பெயரில், வரவு வேறு பெயரில். இது எங்கள் வீட்டில் மட்டுமா, எல்லா இடத்திலும் இப்படித்தானா?

பட்டா என் பெயரில் இல்லாமல் அரசு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் என் கணக்கில் விற்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கமுதி கரிசல்:

தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. குடும்பம்னு இருந்தா ஒரு பைதான் இருக்கணும். உங்க பேரு, என் பேருன்னு பிரிச்சா அன்னைக்கே அடுப்பும் ரெண்டாயிரும்.

மண்டியில நிக்கிறது சுகம்னு நினைக்காதீங்க. ராத்திரி லாரி ஏத்தி, விடிய விடிய மூட்டைமேலயே படுத்துக் கிடந்து, காலைல ஏவாரி கையவிட்டு நாலு வத்தலை எடுத்து ஒடிச்சுப் பாத்து "ஈரம்"னு ஒரு வார்த்தை சொல்லுவான். அந்த ஒரு வார்த்தையில விலை எறங்கிரும். அதைக் கேட்டுட்டு நிக்கணும். கடன் வாங்குனா வீட்டு வாசல்ல வந்து நின்னு ஏசுறதும் ஆம்பளையத்தான். மண்டிக்காரரு முன்பணத்தைச் சும்மாவா குடுக்குறாரு? கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரின்னு நடுச்சாமத்துல போன் போட்டாலும் காசு வருதுன்னா அது மண்டியில இருந்துதான். பேங்குல போய்க் கேட்டுப் பாருங்க, சிரிப்பான்.

---

சாயல்குடி மருமகள்:

அண்ணே, மண்டியில் நிற்பது சுகம் என்று நான் சொல்லவில்லை. என்ன விலைக்குப் போனது என்று மட்டும்தான் கேட்டேன். ஈரம் என்று விலையைக் குறைத்தார்கள் என்றால் அதுவும் எனக்குத் தெரிய வேண்டும். காயப்போட்டவள் நான். இன்னும் ஒரு வெயில் காட்டியிருப்பேன்.

---

கீழக்கரை காக்கா:

இன்னைக்கு முண்டு என்ன ரேட்டு? யாருக்காவது தெரியுமா?

---

நெறியாளர்:

காக்கா, விலைக்குத் தனி இழை மேலே ஒட்டி வைத்திருக்கிறது. அங்கே கேளுங்கள்.

---

பரமக்குடி வக்கீல்:

சகோதரி, இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பிரித்துக்கொண்டால் பதில் எளிது.

முதலாவது, விற்பது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்க நில உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குத்தகைக்குப் பயிர் செய்பவரும் விற்கலாம். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சாகுபடி செய்ததற்கு அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்தார் என்று காட்டும் கிராமக் கணக்கு) கேட்பார்கள். அடங்கலை உங்கள் கிராம நிர்வாக அலுவலர் தர வேண்டும். சிக்கல் வரும் இடம் அதுதான். பட்டாதாரர் பெயரையே சாகுபடிதாரர் பத்தியிலும் எழுதுவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. மாமனார் ஒரு ஒப்புதல் கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். அங்கே விவசாயியிடம் தரகு பிடிக்கக் கூடாது. சந்தைக் கட்டணத்தை வாங்கும் வியாபாரிதான் கட்டுகிறார். பணம் கணக்கில் ஏறும். விலை சரியில்லை என்றால் சரக்கைக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் தவணையில் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, நிலம். மாமனார் நிலத்தில் மருமகளுக்கு நேரடிப் பங்கு கிடையாது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் கணவருக்குப் பங்கு உண்டு, அந்த வழியாகத்தான் வரும். அதைவிட நான் எல்லாப் பெண்களிடமும் கேட்பது, உங்கள் பிறந்த வீட்டு நிலம் என்ன ஆனது? தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்குப் பிறகு, அன்று திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்கு, பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005-ல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி அதை நாடு முழுவதற்கும் விரித்தது. தகப்பனார் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் என் மேஜைக்கு வரும் பத்துப் பத்திரங்களில் பாதி விடுதலைப் பத்திரம்தான். "சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று" என்று அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கையெழுத்துப் போடும்போது சிரித்த முகமாகத்தான் இருப்பார்கள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

---

முனைக்காடு பாசிக்காரி:

மண்டபம் பக்கத்துல இருந்து எழுதுறேன். எங்களுக்கு நிலமும் இல்ல, பட்டாவும் இல்ல. கடல்தான் காடு. அதனால எங்க கதை வேற மாதிரி. ஆனா முடியுற எடம் ஒண்ணுதான்னு இதைப் படிச்சப்பத் தோணுச்சு.

நாங்க வளக்குறது கப்பாபைகஸ்ங்கிற கடல்பாசி. ஐஸ்கிரீம்ல இருந்து பல்லு வெளக்குற பேஸ்ட்டு வரைக்கும் கெட்டிப் பதம் குடுக்க அதுல இருந்து சத்து எடுக்குறாங்க. நாங்க சாப்பிடுறதில்ல, விக்க மட்டும்தான். மூணு மீட்டருக்கு மூணு மீட்டர்ல மூங்கில் மிதவை கட்டுவோம். ஒரு மிதவைக்கு 20 கயிறு, ஒரு கயித்துல 20 முடிச்சு, ஒவ்வொரு முடிச்சுலயும் ஒரு கைப்பிடி விதைப்பாசி. ஆகமொத்தம் 60 கிலோ விதை. அலை வாங்காத எடத்துல நங்கூரம் போட்டு, மீன் கடிக்காம அடியில வலை கட்டி விட்டா 45 நாள்ல 200, 250 கிலோ வரும். அதுல 60 கிலோவை மறுபடி விதைக்கு எடுத்து வச்சிட்டு மிச்சத்தைக் காயவச்சா பத்துல ஒரு பங்குதான் நிக்கும். மண்டபத்துல இருக்க மத்திய உப்பு ஆராய்ச்சிக்காரங்க மொதல்ல வளத்துக் காட்டுனாங்க. 2000-க்குப் பொறவு கம்பெனி ஒப்பந்தம் வந்துச்சு, மகளிர் குழுவுக்குக் கடனும் மானியமும் வந்துச்சு. மிதவை எங்க பேர்ல, கணக்கு எங்க பேர்ல. சாயல்குடி அக்கா கேக்குறது அம்புட்டும் எங்களுக்கு ஆரம்பத்துலயே கெடைச்சிருச்சு.

அப்ப அதிகாரம் எங்க கைக்கு வந்துருச்சான்னு கேட்டா, பாதி வந்துச்சுன்னுதான் சொல்லுவேன். வீட்டுல என் பேச்சு எடுபட்டுச்சு. பிள்ளைய நர்சிங் சேத்தது என் காசு, அதுக்கு நான் யார்கிட்டயும் கேக்கல. ஆனா கடக்கரையில வாங்க வர்றது ஒரே ஆளு. கிலோவுக்கு இம்புட்டுன்னு அவரு சொல்றதுதான் விலை. மண்ணு இருக்கு, ஈரம் இருக்குன்னு கழிவும் அவரு போடுறதுதான். சிட்டை என் பேர்ல இருந்து என்ன, அதுல உள்ள விலை என்னுது இல்ல.

2013 வாக்குல கடல் சூடேறிப் பாசி வெளுத்து, கயித்துலயே அழுகி விழுந்துச்சு. விதைக்குக்கூட மிச்சம் இல்ல. கம்பெனிக்கு அது ஒரு நட்டக் கணக்கு. குழுக் கடன் மட்டும் எங்க தலையில நின்னுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். நாலு காசு வருதுன்னு தெரிஞ்சப்பதான் ஆம்பளைங்க மிதவை கட்ட வந்தாங்க. வந்தது தப்புன்னு சொல்லல, மீன்பாடு இல்லாத காலத்துல அவுங்களுக்கும் பொழப்பு வேணும். ஆனா வந்தவுடனே நல்ல எடம், காத்து அடிக்காத எடம் எல்லாம் அவுங்க கைக்குப் போச்சு. வள்ளம் அவுங்ககிட்ட இருக்கே!

---

கமுதி கரிசல்:

கடல்லயும் வெவசாயமா? இது எனக்குப் புதுசு. அந்தப் பாசி பவளப்பாறைய மூடிருச்சுன்னு பேப்பர்ல படிச்ச ஞாபகம்.

---

முனைக்காடு பாசிக்காரி:

உண்மைதான் அண்ணே. குருசடைத் தீவுப் பக்கம் பவளத்து மேல படந்துருச்சுன்னு 2008-ல ஆராய்ச்சிக்காரங்க எழுதுனாங்க. அதுக்கு முன்னாடியே 2005-ல அரசாங்கம் மன்னார் வளைகுடாப் பக்கம் வளக்கக் கூடாதுன்னு நிறுத்திருச்சு. எங்க பகுதியில பாக் விரிகுடாப் பக்கம்தான் அனுமதி. அதுனால நாங்க வடக்குக் கடல்லயே நிக்கிறோம்.

தெக்குக் கடல்ல, அதான் மன்னார் வளைகுடாவுல, இயற்கையா வெளையுற பாசிய, மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி இதெல்லாம், முங்கி எடுக்குற பொம்பளைங்க கதை தனி. அங்க இருக்க 21 தீவும் 1986-ல தேசியப் பூங்கா ஆனதுல இருந்து வனத்துறைக்கும் அவுங்களுக்கும் ஓயாத மல்லு. சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அக்கா அந்தப் பொம்பளைங்களைச் சேத்து நின்னு, மாசத்துல 12 நாள்தான் எடுக்கிறது, பாறைய இரும்பு வச்சுச் சொரண்டுறதில்லன்னு தாங்களே ஒரு கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. தீவுகளைக் காக்குற சீக்காலஜிங்கிற அமெரிக்க அமைப்போட விருது 2015-ல அவுங்களுக்கு வந்துச்சு. எங்க கரையில ஒரு பொம்பள பேச்சுக்கு வெளிய மதிப்பு வந்தது அப்பதான்.

---

பறிப்புக்காரி மகன்:

எல்லாரும் பேசிட்டீங்க. ஒரு ஆள் இன்னும் வரல, அதான் எழுதுறேன். எங்கம்மா கூலிக்குப் பழம் பறிக்கிறவங்க. எங்களுக்குப் பட்டாவும் இல்ல, மிதவையும் இல்ல.

சாயல்குடி அக்கா, நீங்க சொன்ன வேலை எல்லாத்தையும் நீங்களா செஞ்சீங்க? பறிக்க எத்தனை பேர் வந்தாங்க? பொழுது கிளம்புறதுக்கு முன்னாடி ஆட்டோவுல பத்துப் பன்னெண்டு பேரை அடைச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. மதியம் வரைக்கும் குனிஞ்ச முதுகு நிமிராது. எங்க ஊர்ல பொம்பளை ஆளுக்கு 300. அதே காட்டுல மருந்தடிக்கிற ஆம்பளை ஆளுக்கு அதுல ரெண்டு மடங்கு. கேட்டா "அது கடினமான வேலை"ம்பாங்க. நாலு மணி நேரம் குனிஞ்சு நிக்கிறது கடினம் இல்லையா? நேத்து அடிச்ச மருந்து வாடை போகாம இருக்கும்போதே இன்னைக்குப் பறிக்க விடுவாங்க. வீட்டுக்கு வந்து ராத்திரி தேங்காயெண்ணெய் தடவியும் எரிச்சல் அடங்காம, சோத்தைப் பிசைய முடியாம அம்மா கரண்டியில சாப்பிட்டதை நான் பாத்திருக்கேன்.

சம வேலைக்குச் சம கூலின்னு சட்டம் வந்தது 1976-ல. பறிப்பை ஆம்பளை செய்யவே மாட்டான், அதனால "சம வேலை"யே இல்லன்னு ஆகிப் போச்சு. ஊர்ல ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலி வந்தது நூறு நாள் வேலையிலதான். அதுக்குத்தான் சம்சாரிங்க எல்லாம் "நூறு நாள் வேலை வந்து ஆள் கிடைக்கல"ன்னு புலம்புறாங்க.

மண்டிக்காரர் உங்களுக்கு விலை சொல்லல, சரி. நீங்க எங்கம்மாகிட்ட என்னைக்காவது விலை சொல்லியிருக்கீங்களா?

---

சாயல்குடி மருமகள்:

தம்பி, எனக்கே தெரியாத விலையை நான் எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் கேள்வி நியாயம்தான். எங்கள் காட்டுக்கு எட்டுப் பேர் வருவார்கள். கூலி ஊர் வழக்கம் என்னவோ அதுதான். கூட்டிக் கொடுத்தால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் மாமனாரிடம் வந்து நிற்பார்கள். "உன் மருமக ஊர்க் கூலியக் கெடுக்குறா" என்பார்கள். நான் காட்டில் யாரைக் கூப்பிடுகிறேன், எத்தனை மணிக்கு விடுகிறேன் என்பது என் கையில் இருக்கிறது. கூலி என் கையில் இல்லை. மருந்து விஷயத்தில் நீங்கள் சொன்னதற்கு மறுப்பு இல்லை.

---

கமுதி கரிசல்:

தம்பி, கூலிய ஏத்துனா வத்தல் வெலைய யாரு ஏத்துவா? நட்டத்துல ஒரு பங்கு எடுத்துக்கிறீங்களா? மழை தப்புனா மொத்தமும் எங்களுக்கு, கூலி மட்டும் உங்களுக்கு.

---

பறிப்புக்காரி மகன்:

மழை தப்புனா பறிப்பே கிடையாது அண்ணே. எங்கம்மாவுக்குக் காப்பீடும் கிடையாது, நிவாரணமும் கிடையாது. நட்டத்துல பங்கு எடுக்கலன்னு யார் சொன்னது?

---

வேளாண் ஓய்வு:

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

மிளகாய்ப் பயிற்சி முகாம் என்று கூப்பிட்டால் வருவது எல்லாம் வெள்ளை வேட்டி. ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும், தரையில் காயவைத்தால் என்ன பூஞ்சணம் வரும், ஏற்றுமதிக்கு என்ன சோதனை என்று நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். அவர்கள் டீ குடித்துவிட்டுப் போவார்கள். காயவைப்பவர் வீட்டில் இருப்பார். தார்ப்பாய் மானியம் வந்தால் பட்டா நகலோடு விண்ணப்பம். பட்டா யாரிடம், தார்ப்பாயை இழுத்து மூடுபவர் யார் என்று அந்தப் படிவம் கேட்காது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் உதவித்தொகையும் நிலப் பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் பார்க்கும். பயிர்க் காப்பீட்டில் மிளகாய் வணிகப் பயிர், விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. குத்தகைதாரரும் சேரலாம், ஆனால் அதற்கும் அடங்கல் வேண்டும். எல்லா வழியும் அந்த ஒரு தாளில் போய் முட்டுகிறது.

2015–16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டில் சாகுபடி செய்யும் கைப்பற்றுகளில் (ஒருவர் பொறுப்பில் சாகுபடியாகும் நிலத்தொகுதிகளில்) ஏறத்தாழ 14 சதவீதம்தான் பெண்கள் பெயரில். வேலையில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பது எந்தக் காட்டுக்குப் போனாலும் கண்ணுக்குத் தெரியும். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாகுபடி செய்யும் பெண்ணுக்கு ஒரு சான்றிதழ் தர வேண்டும், அதைக் காட்டிக் கடனும் காப்பீடும் வாங்க வழி செய்ய வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2012-ல் அறிமுகமானது, விவாதத்துக்கே வராமல் காலாவதியானது. அது நிறைவேறியிருந்தால் இந்த இழைக்கு வேலையே இருந்திருக்காது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் சதுப்பு நில நெல் காலங்காலமாகப் பெண்கள் பயிர். 1980-களில் அரசு பாசனத் திட்டம் கொண்டுவந்து இரண்டு போகம் ஆக்கியதும் விளைச்சல் பணமானது. நிலத்தின் பிடி வீட்டு ஆண்களிடம் போனது, வேலை மட்டும் பெண்களிடம் நின்றது. பல பெண்கள் அந்த வயலில் இறங்க மறுத்தார்கள். முனைக்காடு அம்மா சொன்னதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவு ஆனால் மட்டும் போதாது, அந்தப் பெயரைப் போட்டு விற்க ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியாகப் பதிய வேண்டும். 1999-ம் ஆண்டுச் சட்டத்தில் யார் உற்பத்தியாளர் என்று சொல்லும்போது விளைவிப்பவரோடு பதப்படுத்துபவரையும் பொதி செய்பவரையும் சேர்த்திருக்கிறார்கள். நில உரிமை கேட்கவில்லை. காயவைத்துத் தரம் பிரித்துப் பொதி கட்டும் பெண் அந்தச் சட்டப்படி தாராளமாக விண்ணப்பிக்கலாம். கசப்பான பக்கமும் உண்டு. வாங்கி விற்கும் வியாபாரியையும் அதே பிரிவு உள்ளே விடுகிறது. யார் முந்திப் பதிகிறார்கள் என்பதைப் பொறுத்து இருக்கிறது.

---

தமாம் தொண்டிக்காரன்:

சவூதியில் இருந்து படிக்கிறேன். இந்தக் கொழுந்தனார் சங்கதியில் வெளிநாட்டில் இருக்கிற நாங்களும் ஒரு கட்சி. நான் அனுப்பும் பணம் அத்தா கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் மனைவி கணக்குக்கு மாற்றினேன். உம்மா ஒரு மாசம் போனில் சரியாகப் பேசவில்லை. காட்டை வேலி போட்டு, போர் போட்டு, கணக்கு எழுதி வைத்திருக்கிறாள் மனைவி. என்னைவிட நேர்த்தி. சாயல்குடி சகோதரி, உங்கள் கணவர் என்ன சொல்கிறார்? அதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே.

---

சாயல்குடி மருமகள்:

"அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு வேணாம், விடு" என்கிறார். அதனால்தான் எழுதவில்லை.

---

இயக்குநர் அக்கா:

ஆர்.எஸ். மங்கலம் பக்கம் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஒண்ணுல நான் இயக்குநர். போர்டுல ஒரு பொம்பளையாவது இருக்கணும்னு திட்டத்துலயே விதி இருக்கு. அந்த ஒரு பொம்பளை நான்தான். மொத ரெண்டு வருசம் நான் போறது, கையெழுத்துப் போடுறது, வர்றது. பேசுறது எல்லாம் எங்க வீட்டுக்காரர். கூட்டத்துல அவருக்கு நாற்காலி போட்டிருப்பாங்க, எனக்குப் பாய். இத்தனைக்கும் இயக்குநர் நான்!

மாறுனது எப்படின்னா, எடை. தங்கச்சிமாருங்க இதை நல்லாக் கவனிங்க. பட்டாவுக்கு அலைஞ்சா பத்து வருசம் ஆகும், அலையுறதை நிறுத்தச் சொல்லல. ஆனா எடை நாளைக்கே உங்க கைக்கு வரும். குழுக் காசுல ஒரு மின்னணுத் தராசு வாங்குனோம். சாக்கு களத்தைவிட்டுக் கெளம்புறதுக்கு முன்னாடி அங்கேயே எடை போட்டு, சாக்குமேல மையால எழுதி, போட்டோ எடுத்துக் குரூப்ல போட்டுருவோம். மண்டியில எடை கொறைஞ்சா எங்க கொறைஞ்சுச்சுன்னு தெரிஞ்சுபோகும். அப்புறம் யார் வீட்டுச் சிட்டையா இருந்தாலும் சாயங்காலம் குரூப்ல போட்டோ வரணும்னு பேசிவச்சோம். ஆம்பளைங்க மொதல்ல மொனங்குனாங்க. ஒரே நாள்ல ஒரே தரத்துக்கு மூணு வீட்டுக்கு மூணு விலை விழுந்தது அந்த போட்டோவுலதான் வெளிச்சத்துக்கு வந்துச்சு. அதுக்குப் பொறவு மொனங்குனவங்களே சிட்டைய மொதல்ல அனுப்புறாங்க.

நேரா ஏவாரிகிட்டப் பேசப் போனப்ப "வீட்ல ஆம்பளை யாரும் இல்லையாம்மா?"ன்னு கேட்டாரு. "இருக்காரு, களத்துல வத்தலுக்குக் காவல் இருக்காரு"ன்னு சொன்னேன். பக்கத்துல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அன்னைக்கு விலை ஒண்ணும் கூடல, ஆனா அடுத்த தடவை அந்தக் கேள்வி வரல.

கமுதி அண்ணே, முன்பணம் பத்தி நீங்க சொன்னது மெய்தான். மண்டிக் கடன்தான் உண்மையான கயிறு. முன்பணம் வாங்குன வீடு வேற எடத்துல விக்க முடியாது, விலையும் கேக்க முடியாது. ஆம்பளையா இருந்தாலும் வாய் தெறக்க முடியாது. அதுல ஆம்பளைக்கு மேல ஏவாரி, பொம்பளைக்கு மேல ஆம்பளை, பறிக்க வர்ற ஆளுக்கு மேல நாம எல்லாரும்.

---

கமுதி கரிசல்:

கயிறுன்னு சொன்னீங்க பாருங்க, அது சரி. எங்கப்பா வாங்குன முன்பணத்துல நான் இன்னும் வத்தல் போட்டுக்கிட்டு இருக்கேன். தராசு என்ன விலை? எங்க வாங்குனீங்க?

---

இயக்குநர் அக்கா:

மதுரையில வாங்குனோம் அண்ணே. 100 கிலோ தராசு போதும். அரசாங்க முத்திரை போட்டதான்னு பாத்து வாங்குங்க. இல்லன்னா மண்டியில "உங்க தராசு தப்பு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க.

---

கீழக்கரை காக்கா:

நான் ரேட்டு கேக்க வந்தவன், மொத்தத்தையும் படிச்சுட்டேன். எங்க லாத்தா வலிநோக்கம் உப்பளத்துல வேலை பாத்தவங்க. அரசாங்கக் கம்பெனி, பெரும்பாலும் பொம்பளைங்கதான் வேலை. அங்க சம்பளச் சீட்டு அவங்க பேர்லயே வரும். பிஎஃப் உண்டு. காட்டு வேலைக்குப் போற கொழுந்தியா அதைப் பாத்துப் பொறாமைப்படுவா. சம்பளம் பெருசு இல்ல, ஆனா தாளு கையில இருக்கும்ல.

---

சாயல்குடி மருமகள்:

நடந்ததைச் சொல்கிறேன், கேட்டவர்களுக்குப் பயன்படலாம்.

வக்கீல் சார் சொன்னபடி மாமனாரிடம் ஒப்புதல் கடிதம் கேட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "நாலு ஏக்கருக்கும் எழுத மாட்டேன், கெணத்துப் பக்கம் ஒரு ஏக்கருக்கு எழுதித் தர்றேன்" என்றார். ஏன் ஒன்று என்று நானும் கேட்கவில்லை. அலுவலகத்தில் முதலில் "குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்" என்றார்கள். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அடங்கல் ஒரு ஏக்கருக்கு என் பெயரில் கிடைத்தது. அந்த ஒரு ஏக்கர் வத்தலை எட்டிவயல் மிளகாய் வணிக வளாகத்தில் விற்றேன். பணம் என் கணக்கில் ஏறியது, குழுத் தவணை ரெண்டை முன்கூட்டியே கட்டினேன். மீதி மூன்று ஏக்கர் பழைய மண்டிக்கே போனது. முன்பணம் இருக்கிறது, வேறு வழி இல்லை. கொழுந்தனார் சாக்கை ஏற்ற வந்தார், வாய் திறக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை சிட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

பறிப்புக்காரி மகன் தம்பிக்கு: கூலியைத் தனியாளாக நான் ஏற்ற முடியாது. எங்கள் தெருவில் காட்டை நடத்துகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம், எல்லா வீட்டிலும் ஆண்கள் வெளியூர். சேர்ந்து பேசிப் பார்த்தோம். மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிப்பு என்று டப்பாவில் போட்டிருக்கிறதைப் பின்பற்ற எல்லாரும் சரி என்றார்கள். 300-ஐ 350 ஆக்க நாலு பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் மாட்டேன் என்கிறார்கள். நான் சரி என்றவர்களில் ஒருத்தி. அடுத்த பறிப்புக்குள் என்ன ஆகும் என்று தெரியாது.

---

பறிப்புக்காரி மகன்:

சரிக்கா. அம்மாகிட்ட சொன்னேன். "350-னு வாயில சொல்றது இருக்கட்டும், சனிக்கிழமை பட்டுவாடாவுல பாப்போம்"னு சொல்லுச்சு.

---

பரமக்குடி வக்கீல்:

சகோதரி, ஒரு எச்சரிக்கை. ஒப்புதல் கடிதம் அந்தந்தப் பருவத்துக்குத்தான். ஒவ்வொரு பசலியிலும் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டிலும்) மறுபடி கேட்பார்கள். குத்தகையாக எழுதினால் உறுதி. ஓராண்டுக்கு மேல் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு கட்டாயம். பதிந்த குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது என்று நில உரிமையாளர்கள் பயப்படுவார்கள், உங்கள் மாமனாரும் பயப்படுவார். அதனால் இந்த ஆண்டு கடிதத்தோடு இருங்கள். உங்கள் பெயரிட்ட அடங்கலையும் விற்பனைக்கூடச் சிட்டையையும் வருஷவாரியாகப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த வழக்கு, எந்தக் கடன் விண்ணப்பம் வந்தாலும் அந்தத் தாள்கள்தான் பேசும்.

---

முனைக்காடு பாசிக்காரி:

வேளாண் ஐயாவுக்கு ஒரு கேள்வி. திருவாடானைப் பக்கம் வளமாவூர்ல கடல்பாசிப் பூங்கா வருதுல்ல. அது வந்தா வாங்குறதுக்கு ஒரே ஆளுங்கிற நெலமை மாறுமா? எங்க குழு அங்க எப்படிச் சேர்றது, யாரைப் பாக்கணும்?

---

வேளாண் ஓய்வு:

அம்மா, அது மீன்வளத் துறைக்குக் கீழ் வருகிறது. ராமநாதபுரத்தில் மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் குழுத் தீர்மான நகலோடு மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலைந்து குழுக்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். மனுவில் முதல் கோரிக்கையாகக் கடக்கரையிலேயே எடை போடுவதை எழுதுங்கள். மானியம் இரண்டாவது வரியில் வரட்டும்.